நானா இல்லாமல் எங்கே தொடங்குவது?

என் அன்பான நானாவுக்கு,

எழுதத் தொடங்கியதுமே மாட்டிக்கொண்டேன். வாசிக்க ஒருவர் இருக்கிறார் என்று எடுத்துக்கொண்டுதானே கடிதம் எழுதுகிறோம்? நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் இந்த முதல் வரியையே தாண்ட விட்டிருக்க மாட்டீர்கள். பரவாயில்லை, இன்றைக்கு எழுதத்தான் போகிறேன்.

உங்களைத் தெரியாதவர்களும் இதை வாசிப்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை. கொழும்பு மருதானையில் மின்சாரச் சாமான் கடை வைத்திருந்த, முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பதுபோல் நானா என்று நான் அழைத்த நீங்கள், பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கும் நான், வங்கியில் இருந்து ஓய்வுபெற்ற குணம் அண்ணை, சட்டத்தரணி ரூபி. நாங்கள் நாலு பேரும் ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளவத்தையில் என் வீட்டில் கூடி மெய்யியல் பேசினோம். எதையும் முன்கூட்டியே நம்பிக்கொள்ளாமல் மெய்யியலைத் தொடங்கலாம் என்பது உங்கள் கட்சி. முடியவே முடியாது, கணிதத்துக்கே நிறுவாமல் ஏற்கும் வெளிப்படை உண்மைகள் தேவை என்பது என் கட்சி.

நீங்கள் போட்ட சட்டம் ஒன்று இருந்தது. யாராவது எதையாவது உண்மையென்று சும்மா எடுத்துக்கொண்டு பேசினால் மேசையில் தட்ட வேண்டும். பேசுகிறவர் அதை விட்டுவிட்டு முதலில் இருந்து தொடங்க வேண்டும். "நான் இருக்கிறன்" என்று குணம் அண்ணை தொடங்கினார். தட்டினீர்கள். "அந்த 'நான்' எங்க இருந்து வந்த, அண்ணன்?" சரி, "ஏதோ ஒண்டு இருக்கு" என்றாள் ரூபி. அதற்கும் ஒரு தட்டு. இத்தனை வருஷம் கூடியும் முதல் வசனத்தைத் தாண்டாத கூட்டம் கொழும்பில் வேறு இருக்காது. வடையும் தேத்தண்ணியும் மட்டும் ஒழுங்காக முடிந்தன.

ஒருநாள் பின்னேரத் தொழுகையான அஸர் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தீர்கள். "இப்பதான் தொழுதிட்டு வாறீங்கள், இங்க வந்து ஒண்டையும் நம்பாமல் தொடங்குவம் எண்டுறீங்களே?" என்று குணம் அண்ணை சீண்டினார். கோபிப்பீர்கள் என்று பயந்தேன். நீங்கள் சிரித்தீர்கள். "நம்பிக்கை ஈக்கிறவனுக்குத்தான் கேள்வி கேக்கப் பயமில்ல" என்றீர்கள்.

நீங்கள் மௌத்தாகிப் போன செய்தி கேட்டு ஓட்டோ பிடித்துத் தெமட்டகொடையில் உங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது ஜனாஸாவை அடக்கம் செய்ய எடுத்துவிட்டார்கள். வாசலில் நின்று அழுதேன். அழுகையோடு கோபமும் வந்தது, நானா. பாதி வாதத்தில் யாராவது எழுந்து போவார்களா?

போன ஞாயிறுதான் நீங்கள் இல்லாமல் முதல்முறையாகக் கூடினோம். குணம் அண்ணைதான் முதலில் பேசினார். "இனியும் இழுத்துக்கொண்டிருக்க ஏலாது. ரெண்டு மூண்டு விஷயத்தை ஒத்துக்கொண்டு மேல போவம். இல்லாட்டி இண்டையோட விட்டிடுவம்." ரூபியும் தலையாட்டினாள். என் கட்சி வென்றுவிட்டது. எதிர்க்க ஆளில்லை. சந்தோஷப்பட வேண்டிய நான் மேசையில் தட்டிவிட்டேன்.

"எந்த ரெண்டு மூண்டு? ஆர் தெரிவு செய்யிறது? ஏன் அது, ஏன் மற்றது இல்லை?"

"டீச்சர், நீங்கள் எப்ப கட்சி மாறினீங்கள்?" என்று ரூபி வாயைப் பிளந்தாள். குணம் அண்ணைக்குச் சூடு ஏறிவிட்டது. கூட்டம் கலைந்துவிடுமோ என்ற பயத்தில் வாயில் வந்ததை எல்லாம் சொன்னேன். காலி வீதியில் பஸ் நிற்கிற எங்கள் ஹோல்டிங்கில் ஏறுகிறவர்கள் எவரும் பஸ் புறப்பட்ட இடத்தில் ஏறுவதில்லை, ஓடிவருகிற பஸ்ஸில்தான் தொற்றிக்கொள்கிறோம் என்றேன். ஆனால் ஏறியபின் இது எங்கே இருந்து வருகிறது என்று கேட்கலாமே? எடுகோளே இல்லாமல் தொடங்க முடியாமல் இருக்கலாம். கேள்வி கேட்கக்கூடாத எடுகோள் என்று ஒன்றை வைத்துக்கொள்ளாமல் தொடங்கலாம் அல்லவா?

"அப்ப ஒத்துக்கொள்ளுறதைப் பென்சிலால எழுதுவம்" என்றார் குணம் அண்ணை. விட்டுவிடுவோம் என்று வந்த மனிதர், வாற ஞாயிறு எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டுத்தான் படியிறங்கினார்.

அவர்கள் போனபின் கோப்பைகளைக் கழுவும்போது இன்னொன்று பிடிபட்டது. ஒன்றையுமே எடுத்துக்கொள்ளாமல் தொடங்குவோம் என்ற நீங்கள், ஒன்றை நம்பித்தான் ஒவ்வொரு ஞாயிறும் மருதானையில் இருந்து பஸ் ஏறி வந்தீர்கள். மேசைக்கு அந்தப் பக்கம் நாங்கள் இருப்போம், மறுத்துப் பேசுவோம் என்று. அதற்கு மட்டும் நாங்கள் யாரும் மேசையில் தட்டவேயில்லை. இதற்கு உங்களிடம் ஒரு பதில் இருந்திருக்குமோ? இருந்திருக்கும். அதைக் கேட்க எனக்கு எவ்வளவு ஆசையாக இருக்கிறது தெரியுமா?

கூட்டம் நிற்காது, நானா. உங்கள் கட்சியை இனி நான் பேசுவேன், அரைமனதாக இல்லை. இவ்வளவு காலமும் நீங்கள் சொன்னது பிழை என்று காட்டப் பாடுபட்டேன். இனி அது சரியாக இருந்துவிட வேண்டும் என்று பாடுபடப் போகிறேன்.

உங்களோடு சண்டை பிடித்தே வளர்ந்த தங்கச்சி,
சாந்தி