அப்பா வலமாகச் சுற்றிய தீவு

அடி அண்ணாமலை,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் எழிலுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நல்லபடியாக வீடு வந்து சேர்ந்து அஞ்சு நாள் ஆகிறது, என் கால் வீக்கம் வடிந்துவிட்டது, அப்பா முகம் மட்டும் கடல் வெயிலில் இன்னும் கருத்துப்போய்க் கிடக்கிறது. அயர்லாந்துக் குளிரில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, டூட்டி முடிந்ததும் ஒழுங்காகத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போன் என்றால் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், நீயும் வார்டுக்குப் போகிற அவசரத்தில் இருக்கிறாய். இது அவர் இல்லாத நேரத்தில் சொல்ல வேண்டியது, அதனால் அவர் சவாரிக்குப் போனதும் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எங்கள் கல்யாண நாளுக்கு என்று நீ ஏற்பாடு செய்த இலங்கைப் பயணம் எட்டு நாளும் நன்றாகத்தான் இருந்தது. ஏர்போர்ட்டுக்குக் கார் கொண்டுவந்தவர் பெயர் அருள்ராஜ், திருகோணமலைப் பக்கம், நாற்பது வயசு இருக்கும், கலகலப்பான மனிதர். அப்பா பின்சீட்டில் உட்காரவே மாட்டேன் என்று முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். அருள்ராஜ் கையிலிருந்த தாளில் முதலில் தெற்கே காலிக்குப் போய் அப்படியே கிழக்கே சுற்றி வருவதாக இருந்தது. அப்பா அதைப் பார்த்துவிட்டு, இப்படிப் போனா இடமா இல்ல சுத்தும், வலமாப் போங்க தம்பின்னு சொல்லிவிட்டார். மலை சுத்துறதும் ஊர் பார்க்கிறதும் ஒண்ணான்னு நான் கேட்டதற்கு, சுத்துறதுன்னா வலப்பக்கம் வச்சுத்தான் சுத்தணும், அது மலையா இருந்தா என்ன தீவா இருந்தா என்னன்னார். ரூம் எல்லாம் போட்டாச்சே அண்ணே என்று அருள்ராஜ் எவ்வளவோ சொன்னார், கேட்கவில்லை. கடைசியில் கம்பெனிக்கு போன் போட்டு எல்லா ரூமையும் மாற்றினார்கள், திருகோணமலை ரூமை மட்டும் மாற்ற முடியவில்லை, அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று வடக்கே கிளம்பிவிட்டோம்.

புத்தளம் தாண்டி டீ குடிக்க நிறுத்தினபோது, நீங்க ஊர்ல என்ன தொழில் அண்ணேன்னு அருள்ராஜ் கேட்டார். அப்பா ஒரு தடவை என்னைப் பார்த்தார். அப்புறம், டிராவல்ஸ் வச்சிருக்கேன்னார். எத்தனை வண்டின்னு கேட்டதற்கு மூணுன்னார். யாழ்ப்பாணம் போய்ச் சேர்வதற்குள் அது அஞ்சு ஆகிவிட்டது, அதில் ஒன்று ஏசி வேன். நான் வெளியே பனைமரத்தை எண்ணிக்கொண்டு வந்தேன். நீ சொல்லிக்கொடுத்த வார்த்தைதானே அது. என் கல்யாணப் பத்திரிகையில் அப்பா பெயருக்குக் கீழே டிராவல்ஸ் உரிமையாளர்னு போடலாம்மா, மாப்பிள்ளை அருணேஷ் வீட்டு ஆளுங்க அண்ணாநகர்க்காரங்க, நாலு பேர் பார்ப்பாங்கன்னு நீ சொன்னாய். நானும் சரின்னேன். அந்த நிமிஷம் எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் அந்தப் பொய்யைச் சொல்லும்போது உன் அப்பா குரல் இறங்கிப்போனதைக் கேட்டவள் நான்.

யாழ்ப்பாணத்து ஓட்டலில் எங்களுக்கு ஏசி ஹாலில் சாப்பாடு, வண்டி ஓட்டுகிறவர்களுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில். அப்பா தட்டைத் தூக்கிக்கொண்டு நேராகக் கொட்டகைக்குப் போய்விட்டார். சார் அங்க வேணாம்னு ஒரு பையன் ஓடிவந்தான், எங்க சாப்பிடணும்னு எனக்குத் தெரியும்பான்னார். எனக்கு நம்ம செங்கம் ரோடு ஞாபகம் வந்தது. மூணு மணி நேரம் வெள்ளைக்காரங்களுக்கு மலையைச் சுற்றிக் காட்டிவிட்டு வந்த மனிதரைத் தண்ணீர் குடிக்கக்கூட உள்ளே விடாமல் கேட்டுக்கு வெளியே நிற்க வைப்பார்கள், அதே கெஸ்ட் ஹவுஸில் மாடியில் நான் பெட்ஷீட் மாற்றிக்கொண்டிருப்பேன். இவர்கள் எல்லாருக்கும் அமைதி வேண்டும், தியானம் வேண்டும், ஆனால் ஆட்டோக்காரன் நிழலில் நிற்கக் கூடாது. நானும் பழக்கதோஷத்தில் தினமும் காலையில் ஓட்டல் பெட்ஷீட்டை உதறி மடித்து வைத்துவிடுவேன். காலியில் ரூம் சுத்தம் செய்ய வந்த சிங்களப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள், பாஷை தெரியாவிட்டாலும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

திருகோணமலைக்குப் போன அன்று பௌர்ணமி. அங்கே பௌர்ணமி என்றால் நாடு முழுக்க லீவாம், ஒரு ரூம் கிடைக்கவில்லை. வலமா சுத்தினதுக்குப் பலன் இதுதான்னு அப்பாவைக் கிண்டல் பண்ணினேன். ஆட்டோ ஓட்ட ஆரம்பித்த இருபத்தெட்டு வருஷத்தில் பௌர்ணமிக்கு அவர் ஊரில் இல்லாதது இதுதான் முதல் தடவை, பஸ் ஸ்டாண்டில் இந்நேரம் எவ்வளவு கூட்டமோ என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அருள்ராஜ், நம்மட வீட்ட தங்குங்கோ அண்ணேன்னு நிலாவெளிக்குக் கூட்டிப்போனார். ரெண்டே அறை, அவர் மனைவி வேதா மீன் குழம்பு வைத்துப் பரிமாறினாள். வாசலில் அவர் மச்சானுடைய ஆட்டோ கிளட்ச் கேபிள் அறுந்து நின்றது. அப்பா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார், அப்புறம் சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுக் கீழே படுத்துவிட்டார். அரை மணி நேரத்தில் வண்டி ஸ்டார்ட் ஆனது. அஞ்சு வண்டி முதலாளிக்குக் கேபிளும் போடத் தெரியுமோன்னு வேதா கேட்டாள். அப்பா கையெல்லாம் கரியோடு, நான் ஆட்டோதாம்மா ஓட்டுறேன், சும்மா சொன்னேன்னார். அருள்ராஜ் சிரித்துவிட்டு, முதல் நாளே தெரியும் அண்ணே, நான் பிரேக் பிடிச்ச இடத்திலயெல்லாம் உங்கட காலும் மிதிச்சதைப் பார்த்தனான்னார். அதற்கப்புறம் மீதி நாளெல்லாம் ரெண்டு பேரும் எந்த ரோட்டில் என்ன சவாரி, எந்தப் போலீஸ் எப்படி என்று பேசின பேச்சை நீ கேட்டிருக்க வேண்டும். காலி வரை என்னை யாரும் கண்டுகொள்ளவில்லை.

நிலா கடலுக்கு மேலே வந்தபோது உன்னைத்தான் நினைத்தேன். நீ யூகேஜி படிக்கும்போது அப்பா சீட்டில் ஓரமாக ஒட்டி உட்கார்ந்துகொண்டு மலை சுற்றும் ரோட்டில் ஒவ்வொரு லிங்கம் வரும்போதும் ஹார்ன் அடிப்பாய், அது உன் வேலை, வேறு யாரும் அடிக்கக் கூடாது. எட்டு லிங்கத்தில் ஒன்றை விட்டுவிட்டால் திருப்பிக் கொண்டுபோகச் சொல்லி அழுவாய், அவரும் சவாரியை உட்காரவைத்துக்கொண்டே திருப்புவார். நர்ஸிங் காலேஜில் சேர்ந்த அன்றும் அதே வண்டியில்தான் கேட் வரைக்கும் போய் இறங்கினாய், தெருமுனையில் நிறுத்துப்பான்னு நீ சொல்லவில்லை. அதை அவர் இன்னமும் ஸ்டாண்டில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இவ்வளவு நடந்ததே, ஊருக்கு வந்ததும் பத்திரிகையில் ஆட்டோ ஓட்டுநர் என்றே போடச் சொல்வார் என்று நினைத்தேன். முந்தாநாள் பிரஸ்ஸுக்குப் போய்ப் புரூஃப் வாங்கி வந்தார். பலராமன், கீழே டிராவல்ஸ் உரிமையாளர் என்றே இருந்தது. என்னங்க இதுன்னு கேட்டதற்கு, பிள்ளை ஆசையாக் கேட்டுட்டா, இருக்கட்டும்னார். கொஞ்ச நேரம் கழித்து, கல்யாணத்தன்னைக்கு மண்டபத்துக்கு நான் வண்டியைக் கொண்டு வரல, நம்ம தெரு சிவகணேஷ் கார்ல வந்துடலாம்னார். முன்பின் தெரியாத ஊரில் உண்மையைச் சொல்லிவிட்டு வந்தவர், சொந்த மகள் கல்யாணத்தில் தன் வண்டியை ஒளித்துவைக்கப் பார்க்கிறார். உன்மேல் எனக்குக் கோபம்தான் எழில். அண்ணாநகர்க்காரர்கள் நாலு பேரும் ஆட்டோவில் ஏறாதவர்களா.

புரூஃபை இதோடு வைத்திருக்கிறேன். அப்பா பெயரோடு இருந்த அந்த ரெண்டு வார்த்தையை நான் பேனாவால் அடித்துவிட்டேன், வேறு எதுவும் எழுதவில்லை, அந்த இடத்தை அப்படியே விட்டிருக்கிறேன். நீ உன் கையால் அங்கே எழுதிப் போட்டோ எடு, எனக்கு அனுப்பாதே, அவருக்கு அனுப்பு. பழையபடியே எழுதினாலும் அப்படியே அச்சடிப்போம், நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். வருகிற பௌர்ணமி வரைக்கும் பிரஸ்ஸில் பொறுத்துக்கொள்வார்கள்.

நீயும் அருணேஷும் நோய்நொடி இல்லாமல் நிறைந்து வாழ வேண்டும், மலை பார்த்துக்கொள்ளும். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போடு, காபி குடித்துவிட்டுப் போடாதே. அருள்ராஜ் குடும்பத்தைக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டிருக்கிறோம், விசா கிடைத்தால் வருகிறார்களாம். பஸ் ஸ்டாண்டிலிருந்து அவர்களைக் கூட்டிவர மட்டும் வண்டியை எடுப்பேன்னு அப்பா சொல்கிறார்.

உன் அம்மா,
அன்புச்செல்வி