உமி ஊதும் மூச்சு

அத்தை,

இன்று காலை எழுந்ததும் நான் முதலில் செய்தது, மூக்கையும் வாயையும் துப்பட்டாவால் கட்டிக்கொண்டு ஹாலுக்குப் போய், உங்கள் லவ் பேர்ட்ஸின் தினைக் கிண்ணங்களை வெளியே எடுத்ததுதான். பாலைக்கூட அடுப்பில் வைக்கவில்லை. கிண்ணங்களைப் பின்பக்கக் குழாயடிக்குக் கொண்டுபோய், உமியும் தினையுமாக அப்படியே நனைத்துக் கொட்டினேன். நல்ல தினை பாதி வீணாகப் போனது. நீங்கள் பார்த்திருந்தால் சும்மா விட்டிருக்க மாட்டீர்கள்.

உங்கள் மகன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"ஏய், அது என் வேலையாச்சே. தினையைக் கொட்டிட்டியா?"

"ஈரமாயிடுச்சு."

"மேல இருக்கற உமியை ஊதிட்டா போதும்டி. அம்மா எப்படிச் செய்வாங்க? நீ பார்த்ததே இல்லையா?"

பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அவர் வேலைக்குப் போய்விட்டார். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தால் கூண்டு எதிரே தெரிகிறது. எழுந்து ஜன்னலைத் திறக்கிறேன், குளிர்காற்று வருகிறது, மறுபடி உட்காருகிறேன்.

நீங்கள் பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது, முதல் ஜோடியைச் சிவாஜி நகர் மார்க்கெட்டிலிருந்து அவர்தான் வாங்கி வந்தார். பச்சையும் மஞ்சளும். "வீட்ல தனியா இருந்தா உனக்குப் பேச்சே மறந்துடும்மா" என்று கூண்டை உங்கள் கையில் கொடுத்தார். கொஞ்ச நாளில் அந்த ஜோடி ஒரு கூட்டமானது. நீங்கள் கூண்டின் முன் நின்று, "முதல் பெஞ்சு, சத்தம் கேக்குது. எழுந்து நில்லு" என்று அதட்டுவீர்கள். சர்ச் குவயரில் உங்களோடு பாடும் பக்கத்து வீட்டு அக்கா ஒருமுறை, "டீச்சர், இதுங்க பாஸாயிடுச்சா, இல்ல போன வருஷ க்ளாஸ்லயே உக்காந்திருக்கா?" என்று கேட்டார். "எல்லாம் ஃபெயிலு. அதான் கூடவே வெச்சிருக்கேன்" என்றீர்கள்.

பகலில் கூண்டு முன்பக்க சிட்-அவுட்டில் தொங்கும். சர்ச்சில் மாலை மணி அடித்ததும் ஹாலுக்குள் வந்துவிடும். நம் காக்ஸ் டவுன் குளிர் பறவைக்கு ஆகாது என்று பழைய பெட்ஷீட்டைப் போர்த்துவீர்கள். காலையில் அந்த பெட்ஷீட்டை ஹாலிலேயே உதறுவீர்கள். பிறகு கிண்ணங்களை ஒவ்வொன்றாக முகத்தருகே பிடித்து, உதட்டைக் குவித்து, ஊதுவீர்கள். உமி பறக்கும். ஜன்னல் வெயிலில் ஒரு வெள்ளைப் பொடி நெடுநேரம் மிதந்துகொண்டிருக்கும். அது அழகாகக்கூட இருந்தது.

இருமல் வந்தபோது நாம் யாரும் கூண்டைப் பார்க்கவில்லை. பெங்களூரில் யாருக்குத்தான் இருமல் இல்லை? பூந்தூள், பார்த்தீனியம், பனி என்று ஊருக்கே ஒரு பதில் தயாராக இருந்தது. பூந்தூள் உள்ளே வரக்கூடாது என்று நாம் ஜன்னல்களை இன்னும் இறுக்கிச் சாத்தினோம். இன்று நான் எழுந்து எழுந்து திறப்பது அதே ஜன்னல்களைத்தான்.

சென்னையில் உங்கள் மகள் வீட்டுக்குப் போனால் ஒரு வாரத்தில் தெளிந்துவிடுவீர்கள். திரும்பி வந்த சில நாட்களில், மாலையானால் உடம்பு காயும், இருமல் ஏறும். "பிறந்து வளர்ந்த ஊரே இப்ப எனக்கு ஒத்துக்கல பாரு" என்று சிரித்தீர்கள். டி.பி.யாக இருக்கும் என்று ஒரு டாக்டர் சொல்லி, மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கினீர்கள். குவயரில் ஒரு வரியை முடிக்க மூச்சு போதவில்லை. சர்ச் படிக்கட்டில் பாதியில் நின்று, புடவைக் கொசுவத்தைச் சரிசெய்வதுபோல் நடிப்பீர்கள்.

கடைசியில் அந்தக் கன்னட டாக்டர்தான், உங்கள் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தபடியே கேட்டார். "மனேல பட்சி கிட்சி ஏதாவது வளக்கறீங்களா அம்மா?"

"பட்சியா? ரெண்டு குருவி இருக்கு சார்" என்றீர்கள்.

"ரெண்டு இல்ல சார், ஒரு கூட்டமே இருக்கு" என்றேன் நான். நீங்கள் என்னைப் பார்த்த பார்வை!

இறகுப் பொடியும் காய்ந்த எச்சமும் மூச்சோடு உள்ளே போய், சிலருடைய நுரையீரலை மெல்ல மெல்லத் தழும்பாக்கிவிடும் என்று அவர் விளக்கினார். எல்லோருக்கும் வராது, வந்தவர்கள் பறவையை விட்டு விலகியே ஆகவேண்டும் என்றார். உங்களுக்கு ஏற்கெனவே நிறையத் தழும்பாகிவிட்டது, அது இனி ஆறாது என்பதையும் மறைக்கவில்லை.

அப்போது உங்கள் மகன் கம்பெனி வேலையாக ஜெர்மனியில் இருந்தார். ஆட்டோவில் என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"தம்பிகிட்ட சொல்லாதம்மா."

"எதை அத்தை?"

"குருவியாலன்னு. வயசாயிடுச்சு, நுரையீரல் சுருங்கிடுச்சுன்னு சொல்லிக்கலாம். வாங்கிக் குடுத்தது அவன். அது தெரிஞ்சா சாகற வரைக்கும் அதையே நினைச்சிட்டிருப்பான்."

கூண்டைக் கார் ஷெட்டுக்கு மாற்றினோம். யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றேன். "வந்ததும் எங்கன்னு கேப்பானே" என்றீர்கள். அவர் வந்தார். கேட்கவும் செய்தார். நீங்கள் ஆக்சிஜனோடு படுத்திருப்பதைப் பார்த்து, உங்களுக்குத் துணையாக இருக்கட்டும் என்று, ஷெட்டிலிருந்து கூண்டைத் தூக்கி வந்து உங்கள் கட்டில் பக்கத்திலேயே மாட்டினார். நான் வாயைத் திறந்தேன். நீங்கள் தலையணையிலிருந்து தலையைக்கூட அசைக்காமல், கண்ணாலேயே என்னை நிறுத்தினீர்கள். அவரைப் பார்த்து, "நல்லதாப் போச்சுடா, சத்தமே இல்லாம போரடிச்சிது" என்றீர்கள். அடுத்த நாள் முதல், குளிர் என்று சாக்குச் சொல்லி, கூண்டை நான் ஹாலுக்குத் தள்ளிக்கொண்டே இருந்தேன். ஹாலுக்கு மேல் அதை என்னால் தள்ள முடியவில்லை.

நீங்கள் போன பிறகு கிண்ணங்களை அவர் கையில் எடுத்துக்கொண்டார். அழவில்லை, உங்களைப் பற்றி அதிகம் பேசவுமில்லை. காலையில் பெட்ஷீட்டை உதறி, உதட்டைக் குவித்து, உங்களைப்போலவே ஊதுகிறார். உங்கள் நினைவாக அவர் செய்வது அது ஒன்றுதான். அதை எப்படி நிறுத்தச் சொல்வேன்?

ஆனால் அத்தை, இந்தக் குளிர்காலத்தில் அவருக்கு இருமல் வந்திருக்கிறது. வறட்டு இருமல். மாலையில் லேசாக உடம்பு காய்கிறது. "பெங்களூர் வெதர்" என்கிறார். போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக மைசூரில் தங்கியிருந்தோம், அங்கே ஒரு தடவைகூட இருமவில்லை. வீட்டுக்கு வந்ததும் திரும்ப ஆரம்பித்துவிட்டது. நேற்று மாடிப்படியில் பாதியில் நின்று, குனிந்து ஷூ லேஸைக் கட்டினார். அது அவிழ்ந்திருக்கவே இல்லை.

இது வெறும் சளியாகக்கூட இருக்கலாம். அப்படி இருக்கவேண்டும் என்றுதான் வேண்டிக்கொள்கிறேன். ஆனாலும் உங்கள் மூச்சைக் கேட்டுக் கேட்டுப் பழகிய ஒரு காது எனக்குள் இருக்கிறது. யார் படியேறினாலும், எங்கே நிற்கிறார்கள் என்று அது கேட்டுக்கொண்டே இருக்கிறது. நேற்று அது கேட்ட மௌனம் எனக்குத் தெரிந்த மௌனம்.

நீங்கள் கேட்டுக்கொண்டது அவர் மனம் நோகக்கூடாது என்பதற்காக. இதுவரை காப்பாற்றினேன். அவருக்கு மூச்சு இருந்தால்தானே அந்த மனம் நோவதும் ஆறுவதும்.

இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. மாலையில் கேட் திறக்கும். அவர் ஷூவைக் கழற்றிவிட்டு, பெட்ஷீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கூண்டுப் பக்கம் போவார். அதைப் போர்த்துவதற்கு முன் அவரை இந்த மேசையில் உட்காரவைத்து, அந்த டாக்டர் உங்களிடம் என்ன கேட்டார், நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்பதிலிருந்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். நீங்கள் ஆட்டோவில் சொன்னதையும் சேர்த்து.