கீழ்வீட்டு அத்தை கேட்ட கேள்வி

வூஷி, செவ்வாய்க்கிழமை

அன்பு அப்பா,

நீங்கள் வாங்கித் தந்த எர்ஹூ வாத்தியத்தை இன்று எடுத்தேன். இரண்டு தந்திகளுக்கும் நடுவே ஓடும் வில் தடுமாற, ஓசை நீண்ட முனகலாக வந்தது. கீழ்வீட்டு சியூ அத்தை கதவைத் தட்டினார்.

“யாரும்மா போயிட்டாங்க? அப்பாவா?”

“யாருமில்ல அத்தை. நான்தான் பழகுறேன்.”

“அடிப்பாவி, பாதி அழுதுட்டேன். ஜன்னலயாவது சாத்திக்கோ.”

சிரித்து அனுப்பினேன். இங்கே சாவு வீட்டிலும் எர்ஹூதான் வாசிப்பார்கள் என்பது அப்புறம்தான் உறைத்தது. உடனே வில்லைப் பெட்டியில் வைத்து மூடினேன்.

வீட்டின் முதல் பட்டதாரி சகுனம் பார்க்கலாமா என்பீர்கள். பார்க்கிறேன். வியாழக்கிழமை இதய அறுவை சிகிச்சை முடிந்து நீங்கள் கண் விழிக்கும்வரை வில்லைத் தொடமாட்டேன். பிறகு உங்கள் கட்டிலருகே வாசிப்பேன். “காது வலிக்குது, நிறுத்து” என்று நீங்கள் திட்ட வேண்டும் அப்பா.

உங்கள் மகள்