ஆடி முடிவதற்குள் பத்து டிசைன்

ஆடி 20, திங்கள்

காற்று. அரியலூர் பஸ் ஸ்டாண்டு எதிரில் போன வாரம் நாங்கள் அடித்த பிறந்தநாள் பிளெக்ஸ் நடுவில் கிழிந்து தொங்கியது. வாழ்த்துகிறவர்கள் ஒரு பக்கம், வாழ்த்தப்படுகிறவர் இன்னொரு பக்கம். அதுவே கொஞ்சம் பார்க்கும்படி இருந்தது.

பெரம்பலூரிலிருந்து நின்றுகொண்டே பயணம். கடைக்குள் நுழைந்ததும் முதலாளி (இனி மு.) கூப்பிட்டார்.

“ஆவணி பொறந்தா வரிசையா முகூர்த்தம். நம்ம ஆல்பத்துல பழசே கெடக்கு. ஆடி முடியறதுக்குள்ள புதுசா பத்து டிசைன் போட்டுருங்க. முடியலன்னா சொல்லிடுங்க. போன்லயே ஆப் வந்துருச்சு, போட்டோவக் குடுத்தா அதுவே பண்ணித் தருது.”

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது. பதினான்கு வருடமாக இதே நாற்காலி. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, க.அ. என்று நாங்கள் சுருக்கிச் சொல்லும் கண்ணீர் அஞ்சலி. எல்லாவற்றுக்கும் பின்னணியில் ஒரே மேகம். கல்யாணத்துக்கு ரோஸ் மேகம், க.அ.வுக்கு நீல மேகம்.

மாலை வரை வெள்ளைத் திரை. ஒரு புறா வைத்தேன். எடுத்தேன்.

வாங்க: சீரகம், பாப்பாவுக்கு லாங் சைஸ் நோட்டு, தலைவலித் தைலம்.

ஆடி 21, செவ்வாய்

மு. யோசனை சொன்னார்: “வெளியில போயி எதையாச்சும் பாத்துட்டு வாங்க. சிற்பம் கிற்பம்னு. அப்பத்தான் மண்டை ஓடும்.” இந்த மனிதரிடம் இப்படி ஒரு பேச்சை எதிர்பார்க்கவில்லை.

மதியம் கீழப்பழுவூர். வெயில். கோயிலில் ஆளே இல்லை. நல்ல கல், நல்ல வேலைப்பாடு. நாற்பது போட்டோ எடுத்தேன். திரும்பி வந்து சிஸ்டத்தில் ஏற்றிப் பார்த்தால் எல்லாமே பார்டர், தூண், மூலைப் பூ. முழுதாக ஒரு சிலை கூட இல்லை. முகத்தைப் பார்க்காமல் ஓரத்தை மட்டும் பொறுக்கி வந்திருக்கிறேன். எப்போதிலிருந்து என் கண் இப்படி ஆனது?

பத்துக்குப் பூஜ்யம். கால் வலி.

ஆடி 22, புதன்

பெரம்பலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் காலேஜ் பிள்ளைகளின் ஓவியக் கண்காட்சி. ஆடி, மண்டபம் சும்மாதானே கிடக்கும். போகிறேன் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். “பிளெக்ஸ் அடிக்கிறதுக்கு எக்ஸிபிஷன் வேறயா?” என்றார். சிரித்துக்கொண்டேதான். நான் சிரிக்கவில்லை.

சாப்பாட்டு ஹாலில் கயிறு கட்டி, துணி காயப்போடும் கிளிப்பில் படங்கள். முக்கால்வாசி மயில், சூரியன் மறைவது, ஒரு கண்ணில் ஒரு சொட்டு நீர். டவுன்லோட் சரக்கு. எனக்குத் தெரியாதா?

கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கரித்துண்டுப் படம். பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் ஐந்து பேர் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து தூக்கம். நின்றுவிட்டேன். முதலில் என் புத்தி என்ன செய்தது என்றால், இதில் அந்தக் கடைசி ஆளை எப்படி வெட்டி எடுப்பது என்று கணக்குப் போட்டது. முடியாது. தோள், தலை, கை எல்லாம் ஒன்றோடொன்று ஓடுகிறது. கைகளை எண்ணினேன். ஒன்பது வந்தது. மறுபடி எண்ணினேன், பதினொன்று.

வரைந்த பெண் பக்கத்தில் நின்று முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். “யாரு கை யாருதுன்னே தெரியலயேம்மா?” என்றேன்.

“அவங்களுக்கே தெரியாதுக்கா. தூங்குறாங்கல்ல.”

பதினான்கு வருடமாக நான் செய்கிற வேலை ஆட்களை ஒருவரிடமிருந்து ஒருவர் வெட்டி எடுத்து மேகத்தில் ஒட்டுவது. அந்த ஹாலில் அது உறைத்தது. வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, ரொம்ப நாளைக்குப் பிறகு.

ஆடி 23, வியாழன்

காதுகுத்து ஒன்று வந்தது. யாரையும் வெட்டவில்லை. வாசலில் குடும்பமே நெருக்கியடித்து நின்று சிரிக்கிற செல்போன் படம், அப்படியே முழுசாக. வலது பக்கம் வெறும் வெள்ளை. பேர், நாள், இடம். அழகாக இருந்தது. நானே சொல்லிக்கொள்கிறேன்.

குழந்தையின் அப்பா பார்த்தார். “நல்லாத்தான் இருக்குங்க. இந்த வெத்து எடம் எதுக்கு?”

“கண்ணுக்கு ஓய்வா இருக்கும்ங்க.”

“மாமனுங்க நாலு பேரும் அதுல உக்காந்துருவாங்க. தாய்மாமன தனியா, பெருசா போடலன்னா சீர்த் தட்டத் திருப்பி எடுத்துட்டுப் போயிருவாங்க, உங்களுக்குத் தெரியாததா?”

தெரியும். நாலு மாமன்கள் உட்கார்ந்தார்கள். பிறகு சித்தப்பாக்கள் கோபித்துக்கொள்வார்கள் என்றார். கடைசியில் இருபத்தொரு தலை. மேகமும் போட்டாயிற்று.

தைலம் தீர்ந்தது.

ஆடி 24, வெள்ளி

கல்லங்குறிச்சியிலிருந்து க.அ. ஞாயிற்றுக்கிழமை கருமாதி. மகன் வாட்ஸப்பில் அனுப்பியது ஏதோ கல்யாணத்தில் எடுத்த படம், அப்பாவும் அம்மாவும். “அப்பாவ மட்டும் எடுத்துக்கங்க.”

அம்மாவை வெட்டினேன். அவர் கை மட்டும் கணவரின் தோளில் நின்றது. நாலு விரல், கண்ணாடி வளையல் கொஞ்சம். வழக்கமாக அதையும் அழித்து, சட்டையை நிரவி, மாலை போடுவோம். ஒரு நிமிட வேலை. அழிக்க மனசு வரவில்லை. அந்தக் கையால் அந்த மனிதருக்கு உயிர் வந்தது. மேகமும் இல்லை, பின்னால் வெறும் சாம்பல் நிறம். மாலை விளிம்பில் அந்தக் கை.

மு. சாப்பிடப் போயிருந்தார். பிரிண்ட் கொடுத்துவிட்டேன். மகன் சுருட்டி வாங்கிப் போனார், பிரித்துப் பார்க்கவில்லை.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. நல்ல நாள்.

ஆடி 25, சனி

காலை பத்து மணிக்கே போன். ஸ்பீக்கர் போடாமலே கடை முழுக்கக் கேட்டது.

“உசுரோட இருக்கற எங்கம்மா கையக் கொண்டாந்து கண்ணீர் அஞ்சலியில வச்சிருக்கீங்களே, நீங்கள்லாம் மனுசங்களா? பங்காளிங்க எல்லாம் காறித் துப்புறாங்க. அபசகுனம்னு எங்கம்மா முன்னாடியே பேசுறாங்க.”

மு. என்னைப் பார்த்தார். அழிக்க மறந்துவிட்டேன் என்றேன். பொய். மறக்கவில்லை.

கையை எடுத்தேன். சட்டையை நிரவினேன். மாலையைக் கொஞ்சம் இறக்கி வைத்தேன். நீல மேகம். மு. தானே வண்டியில் கொண்டுபோய்க் கட்டிவிட்டு வந்தார்.

உயிரோடு இருப்பவர் படம் க.அ.வில் வரக்கூடாது என்பது எனக்குத் தெரியாததா? விரல் தானே, யார் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் டிசைன் நன்றாக வரவேண்டும் என்று அவர் கையை எடுத்துக்கொண்டேன். அவர் துக்கத்தில் உட்கார்ந்திருக்கிற வீட்டில், அத்தனை பேர் முன்னால்.

ஆடி 28, செவ்வாய்

ஆல்பத்துக்கு ஒன்றும் போடவில்லை. மு. போனில் அந்த ஆப்பை வைத்துக்கொண்டு யாரிடமோ விலை பேசுகிறார். வேண்டுமென்றே எனக்குக் கேட்கிற மாதிரி பேசுகிறாரா, அல்லது அவர் குரலே அப்படியா?

காற்று நிற்கவில்லை. கரண்ட் மூன்று முறை போனது.

ஆடி 30, வியாழன்

மதியம் வெள்ளைப் புடவையில் ஒரு அம்மா. அறுபது இருக்கும். “கல்லங்குறிச்சி. அவரு சம்சாரம்” என்றார். எழுந்து நின்றேன்.

“கேக்காம போட்டுட்டேன். மன்னிச்சுக்கங்கம்மா.”

“அத்தன பேருக்கு முன்னாடி எனக்கு ஒடம்பே கூசிப் போச்சு.” முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். பிறகு: “அந்த மொத படம் இருக்கா, அழிச்சுட்டியா?”

இருந்தது. வேறு பேரில் வைத்திருந்தேன்.

“சின்னதா ஒண்ணு போட்டுக் குடு. மாட்டறதுக்கு இல்ல. பெட்டியில வச்சுக்கறேன். மவன் தாலுக்கா ஆபீசுல நிக்கிறான், அவன் வர்றதுக்குள்ள குடு.” திரையைக் குனிந்து பார்த்தார். “நாப்பது வருசத்துல அன்னைக்கு ஒரு நா தான் தோள்ல கை வச்சேன். அதுவும் போட்டோக்காரன் அதட்டுனான்னு.”

அந்தக் கையைத் திரையில் பெரிதாக்கினேன்.

“கை ரொம்பக் கறுப்பா இருக்குல்ல? வெளுப்பாக்க முடியுமா?”

முடியும், வேண்டாம்மா என்றேன். யோசித்தார். சரி என்று தலையாட்டினார். தன் வெறும் கையைத் திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“வளையல மட்டும் அழிச்சிராத.”

அழிக்கவில்லை. சின்ன சைஸ், மேட் பேப்பர். முந்தானைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

மு. எல்லாவற்றையும் கல்லாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பத்தில் எத்தனை முடிந்தது என்று கேட்டார்.

ஒன்று என்றேன்.

“அது ஆல்பத்துல வராதே” என்றார்.

வராது என்றேன்.