விடை கேட்ட மகனுக்கு

கட்கி, புனே
22.9.2004

அன்புள்ள கேஷவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்பளவில் நலம், மனசைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். நீயும் பார்கவியும் குழந்தையும் அங்கே சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன், இந்தக் கோபத்திலும் அதை விடவில்லை. மழை இன்னும் முழுசாக நிற்கவில்லை. பின்கட்டுச் சுவரில் ஈரம் ஏறி சுண்ணாம்பு உதிர்கிறது. தெருமுனையில் கணபதி உட்கார்ந்திருப்பதால் காலையிலிருந்து ஸ்பீக்கர் அலறுகிறது, அப்பா இரண்டு காதிலும் பஞ்சு வைத்துக்கொண்டு உலாத்துகிறார். பக்கத்து வீட்டு மல்லிகா பெண்ணுக்கு ஆகுர்டியில் மாப்பிள்ளை அமைந்திருக்கிறது, பையன் ஸ்கூட்டர் கம்பெனியில் இருக்கிறான், தையில் கல்யாணம். உன் முதுகு வலி எப்படி இருக்கிறது? மெத்தையை மாற்று என்று போன வருஷமே சொன்னேன், மாற்றியிருக்க மாட்டாய். இதையெல்லாம் போனிலேயே கேட்கலாமே என்று நினைப்பாய். போனில் பேசினால் நீ "சரிம்மா சரிம்மா" என்று என் வாயை அடைத்துவிடுவாய். கடிதம் என்றால் கடைசி வரி வரை படித்துத்தான் ஆக வேண்டும், அதனால்தான் எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு வாரம் முன்னால் நீ போன் செய்து, அம்மா, நான் போட்ட புதிர்ப் புத்தகத்தை எல்லாரும் கேட்கிறார்கள், இரண்டாம் பதிப்பில் கடைசியில் விடைகளைச் சேர்க்க வேண்டும், ஆயிரம் கேள்விக்கும் விடை எழுதி யாராவது இங்கே வருகிறவர்கள் கையில் கொடுத்து அனுப்பு என்று சொன்னாயே, அப்போது நான் மூன்றாம் பக்கத்தைப் பற்றிக் கேட்டேன். நீ சிரித்தாய். "அம்மா, அது ஒரு ஃபார்மாலிட்டிம்மா, நீயும் அப்பாவும் வேற வேறயா?" என்றாய். நான் பால் பொங்குகிறது என்று சொல்லிப் போனை வைத்தேன். அடுப்பில் பாலும் இல்லை ஒன்றும் இல்லை.

மூன்றாம் பக்கத்தில் நீ எழுதியதை நான் மனப்பாடமாகச் சொல்வேன். "இருபத்தேழு வருடங்களாகக் கட்கி முத்தமிழ் மன்றத்தின் பொங்கல் விழாவில் முதலெழுத்துப் புதிர்ப் போட்டியை நடத்தி, ஆயிரம் பொது அறிவுக் கேள்விகளை உருவாக்கிய என் தந்தை திரு. அருணாச்சலம் அவர்களின் எழுபதாவது பிறந்த நாளுக்கு இந்நூல் காணிக்கை. அட்டைகளைப் பத்திரமாக வைத்திருந்து, வேளாவேளைக்குக் காபி கொடுத்து ஊக்குவித்த அம்மாவுக்கு நன்றி." ஏன்டா கேஷவ், இந்த வீட்டில் காலைக் காபி யார் போடுவது? நான் போட்டால் தண்ணியாக இருக்கிறது என்று அப்பாதானே எண்பதாம் வருஷத்திலிருந்து போட்டுக்கொண்டிருக்கிறார்! அதில் கூடவா உனக்கு ஞாபகப் பிசகு?

அந்தக் கேள்விகளை எழுதியது யார் என்று உலகத்தில் மூன்று பேருக்குத்தான் தெரியும். நான், அப்பா, நீ. எடைக்குப் பேப்பர் எடுக்கிற ரத்திவாலாவிடம் பழைய பேப்பரையும் வாரப் பத்திரிகைகளையும் கிலோ கணக்கில் வாங்கி வந்து, மத்தியானம் சாப்பாட்டுக் கடை ஆனபிறகு கூடத்தில் பரப்பி உட்காருவேன். வந்த கல்யாணப் பத்திரிகைகளை எல்லாம் நீதான் சீட்டு அளவுக்குக் கத்தரித்துத் தருவாய், அதன் பின்பக்கத்தில் நான் கேள்வியும் கூடவே விடையின் முதலெழுத்தும் எழுதுவேன். இரண்டு முறை நோபல் பரிசு வாங்கிய பெண்மணி யார், மே.கி. புனேயில் பெண்களுக்குப் பள்ளி நடத்திய ஆசிரியை யார், சா.பூ. சுதந்திர இந்தியாவின் முதல் பெண் மந்திரி யார், ரா.அ.கௌ. நீ கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொன்றுக்கும் விடை கேட்பாய், நான் சொல்ல மாட்டேன், கண்டுபிடி என்பேன். எழுபத்தெட்டில் பசை டப்பாவைக் கவிழ்த்து என் நல்ல புடவையைப் பாழ் பண்ணினது கூட உனக்கு ஞாபகம் இருக்குமே!

விடையை அட்டையில் எழுதாமல் விட்டது எதற்கு என்றும் உனக்குத் தெரியும். எண்பத்து மூன்றில் மன்றத்து பீரோவில் வைத்த விடைத்தாள் எப்படியோ வெளியே போய், ஒரே குடும்பம் அத்தனை பரிசையும் தட்டிக்கொண்டு போயிற்று. மன்றத்தில் கைகலப்பு ஆகாத குறை. அன்றைக்கே இருந்த விடைத்தாளை எல்லாம் கிழித்துப் போட்டுவிட்டு முதலெழுத்தோடு நிறுத்திக்கொண்டேன், விடை என் தலைக்குள்தான் இருக்கும். அப்பாவுக்குக் கூடச் சொல்வதில்லை, அவரால் ஒன்றை மனசில் வைத்துக்கொள்ள முடியாது, பாக்டரி பஸ்ஸிலேயே உளறிவிடுவார். மேடையில் அவர் நின்று அந்த வெண்கலக் குரலில் கேள்வியைப் படிப்பார். நான் முன்வரிசையில் இடது ஓரம். கூட்டத்திலிருந்து யாராவது விடை சொன்னால் அப்பா என்னைப் பார்ப்பார். சரியென்றால் நான் மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளுவேன், தப்பென்றால் கை மடியிலேயே இருக்கும். கிரிஜா அக்காவுக்குப் புருஷன் மேடை ஏறினால் கண்ணெடுக்க முடியவில்லை என்று பெண்கள் கிண்டல் பண்ணுவார்கள். நானும் சிரித்துக்கொள்வேன்.

இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு இப்போது என்ன என்று நீ கேட்கலாம். ஆரம்பித்த காலத்தில் மன்றத்து மேடையில் பெண்கள் கடவுள் வாழ்த்துப் பாடிவிட்டு இறங்கிவிட வேண்டும். எனக்கும் மைக்கைப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அப்பாவுக்குக் குரல் இருந்தது, எனக்குக் கேள்வி இருந்தது, சேர்ந்து ஓட்டினோம். கிரிஜா எழுதினது என்று அவர் ஒரு நாளும் மேடையில் சொன்னதில்லை, தான் எழுதினதாகவும் சொன்னதில்லை. கேட்கிறவர்கள் தாங்களாகவே நினைத்துக்கொண்டார்கள், அதை நான் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை. விழா முடிந்து நாற்காலியை மடிக்கும்போது அதெல்லாம் முடிந்துவிடும். புத்தகம் அப்படியா? அதில் கறுப்பு மையில் போட்டாயிற்று. நாளைக்கு உன் குழந்தை அதைப் படித்தால் பாட்டி காபி கொடுத்தாள் என்றுதான் படிக்கும்.

போன டிசம்பரில் நீ வந்தபோது, அம்மா அட்டையெல்லாம் பூச்சி அரிக்கிறது, நான் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பத்திரமாக வைக்கிறேன் என்று சொன்னாய். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் பிள்ளை நான் எழுதினதைக் காப்பாற்ற நினைக்கிறான் என்று, இரண்டு செருப்பு டப்பாவையும் என் பழைய பட்டுப் புடவைத் துண்டில் சுற்றி நானே உன் பெட்டியில் வைத்தேன். ஏர்போர்ட்டுக்கு வண்டி வந்து நிற்கிறது, நான் டப்பா நசுங்காமல் இருக்கிறதா என்று மறுபடி பெட்டியைத் திறந்து பார்த்தேன். நீயும் பார்த்துக்கொண்டுதான் நின்றாய். அப்போதே புத்தகம் போடும் எண்ணம் உனக்கு இருந்ததா? இருந்தது என்றால் சொல்லாதே, எனக்குத் தெரிய வேண்டாம்.

அப்பாவும் ஒன்றும் குறைந்தவர் இல்லை. ஜூலை மாசம் சேவியரிடம், அவர்தான் இப்போது மன்றத்துச் செயலாளர், கோட்டும் டையும் இரவல் வாங்கி வந்து கட்கி பஜார் ஸ்டூடியோவில் போட்டோ எடுத்துக்கொண்டார். எதுக்குங்க என்று கேட்டேன், பென்ஷன் ஆபீசில் கேட்கிறான் என்றார். பென்ஷனுக்கு எதுக்கு டை என்று கேட்டேன், ரூல் மாறிவிட்டது என்றார். நாற்பத்திரண்டு வருஷம் குடித்தனம் பண்ணின மனுஷர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார், நானும் நம்பினேன். அந்தப் போட்டோ புத்தகத்தின் பின்னட்டையில் இருக்கிறது, நன்றாகத்தான் விழுந்திருக்கிறது.

ஆகஸ்ட் கடைசி ஞாயிறு வெளியீட்டு விழா, நீதான் வர முடியவில்லை. அதுவரைக்கும் எனக்கு எதுவும் தெரியாது, பிறந்த நாளுக்கு மன்றத்தில் சின்னதாக ஒரு பாராட்டு என்றார்கள். கையில் ஒரு பிரதி கொடுத்தார்கள். முன்வரிசையில் இடது ஓரம், என் இடத்தில் உட்கார்ந்துதான் மூன்றாம் பக்கத்தைப் படித்தேன். இரண்டு தரம் படித்தேன். அப்புறம் கண்ணாடியைக் கழற்றி டப்பாவில் போட்டு மூடி மடியில் வைத்துக்கொண்டேன். திட்டம் போட்டுச் செய்யவில்லை, அதற்கு மேல் எதையும் பார்க்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அந்த நேரம் பார்த்து ப்ரீதி எழுந்தாள், ஐடி கம்பெனியில் வேலை பார்க்கிறாளே, தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்கிற பெண். "அங்கிள், நானூத்தி பதினேழு. எவரெஸ்ட்ல ஏறின ஃபர்ஸ்ட் லேடி யாரு, ஜு.தா.ன்னு போட்டிருக்கு. ஆன்ஸர் என்னா?" என்று கேட்டாள். அப்பா வழக்கம்போல, நீங்களே சொல்லுங்க பார்க்கலாம் என்று கூட்டத்துக்குத் தள்ளிவிட்டார். ஒருத்தர் ஏதோ சொன்னார், இன்னொருத்தர் வேறொன்று சொன்னார், பின்னாலிருந்து ஒரு காலேஜ் பையன் ஜுன்கோ தாபெய் என்று சரியாகவே சொன்னான். அப்பா என்னைப் பார்த்தார். நான் பார்த்தும் பார்க்காமல் இருந்தேன். அவர் மறுபடி பார்த்தார். கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். அப்புறம் மைக்கைப் பிடித்து, "எனக்கு விடை தெரியாதுங்க. கேள்வியும் என்னுது இல்ல. எல்லாம் கிரிஜாவுக்குத்தான் தெரியும்" என்றார்.

சொல்லிவிட்டாரே என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆனால் கேஷவ், கூட்டமே விழுந்து விழுந்து சிரித்தது. கை தட்டினார்கள். சேவியர் எழுந்து, பாத்தீங்களா, எழுபது வயசுலயும் வீட்டம்மாவுக்கு என்னா பயம் பாருங்க என்றார். அப்பா, நிஜமாங்க, நிஜமாத்தான் சொல்றேன் என்றார். அதற்கு இன்னும் பலமாகச் சிரித்தார்கள். அவர் வாயால் உண்மையைச் சொல்லியும் அது வேடிக்கையாகிவிட்டது. புத்தகத்தில் அச்சாகிவிட்டதே, இனி யார் நம்புவார்கள்? ரிக்ஷாவில் வரும்போது, நீ கண்ணாடியைப் போட்டிருக்கலாம் என்றார். நீங்க அந்தப் போட்டோவை எடுக்காம இருந்திருக்கலாம் என்றேன். அவ்வளவுதான் பேச்சு.

அதற்கு மறுநாளிலிருந்து அவர் ஒரு பிரதியை வைத்துக்கொண்டு பென்சிலால் விடை எழுதிக்கொண்டிருக்கிறார், யாரும் சொல்லவில்லை, அவராகத்தான். என்னிடம் ஒன்று கூடக் கேட்கவில்லை, ரத்திவாலாவிடம் கேட்கிறார். இருநூற்றுப் பன்னிரண்டு வரை வந்திருக்கிறார். அவர் குளிக்கப் போனபோது எடுத்துப் பார்த்தேன், பாதிக்குப் பாதி தப்பு. அறுபத்தொன்றில் உடைந்து புனேயை முழுக அடித்த அணை, பா. என்பதற்கு பக்ரா என்று எழுதி வைத்திருக்கிறார். பான்ஷெட் அணை உடைந்த அந்த வெள்ளத்தில் டெக்கான் பக்கம் சைக்கிளைப் பறிகொடுத்துவிட்டு நடந்தே கட்கிக்கு வந்த மனுஷர்! பார்க்கப் பாவமாக இருந்தது, ஆனாலும் திருத்தவில்லை, எடுத்த இடத்தில் வைத்துவிட்டேன். அவரிடம் எனக்கு இருக்கிறது வருத்தம். உன்னிடம்தான் கோபம். அவருக்கு ஆசை காட்டியது நீ. தெரிந்தே செய்தது நீ.

உன்னை ஒரு வருஷமும் போட்டியில் சேரவிடவில்லை என்று ஒன்பது வயசில் தரையில் புரண்டு அழுதாயே, கேள்வி எழுதுகிறவள் வீட்டுப் பிள்ளை சேரக்கூடாது என்று நான் சொன்னேன். அந்தக் கோபத்துக்குத்தான் இப்போது பழி வாங்குகிறானோ என்று கூட ஒரு நாள் நினைத்தேன். இருந்தால் கூடத் தேவலை போலிருந்தது. நீ அப்படியெல்லாம் நினைத்துச் செய்யவில்லை, எனக்குத் தெரியும். அப்பாவைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்று நினைத்தாய், அம்மாவைப் பற்றி நினைக்கவே இல்லை. உன் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினவள் உன் கண்ணிலேயே படவில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை.

ஆகவே விடை கேட்டாயே, சொல்கிறேன். இரண்டாம் பதிப்பில் எழுதியவர் என்ற இடத்தில் என் பெயர் இருக்க வேண்டும். போட்டியை நடத்தியவர் என்று அப்பா பெயரையும் போட்டோவையும் போடு, அது நியாயம், அவருக்கு உரியது. அம்மா என்று போடாதே, அது நீ என்னைக் கூப்பிடுகிற வார்த்தை. பெயராகப் போடு, முழுசாக. எப்படி எழுதுவது என்று சந்தேகம் வந்தால் உன் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் தாயார் பெயர் என்று ஒரு இடம் இருக்கிறது, அதில் பார்த்துக்கொள். அச்சடித்த பக்கம் என் கைக்கு வந்த அன்றைக்கே எழுத ஆரம்பிப்பேன், ஆயிரத்தையும் எழுதித் தருவேன். அதுவரை ஒன்று கூடத் தர மாட்டேன், யார் வந்து கேட்டாலும்.

பார்கவிக்கு என் ஆசி. குழந்தைக்குச் சளி என்றால் தேனில் துளசிச் சாறு கொடுக்கச் சொல், அங்கே துளசி கிடைக்காவிட்டால் டாக்டரிடம் காட்டு. ராத்திரி தூங்கப் போகும் முன் வாசல் பூட்டியிருக்கிறதா என்று ஒரு தரம் பார்த்துவிட்டுப் படு. நீ நன்றாக இருக்க வேண்டும், எந்தக் கோபத்திலும் அதுதான் என் பிரார்த்தனை. மறக்காமல் ஒரு விஷயம், எனக்கு அறுபத்து நாலு முடிந்துவிட்டது. பிரஷர் மாத்திரையை டாக்டர் போன வாரம் இரண்டு வேளையாக ஆக்கிவிட்டார். விடைகள் வேறெங்கும் எழுதி வைக்கப்படவில்லை. யோசித்து, சீக்கிரம் செய்.

இப்படிக்கு,
கிரிஜா அருணாச்சலம்