வாஷிங் மெஷினுக்குப் பின்னால்

மார்ச் 3, செவ்வாய்

பெயிண்ட் கலக்கும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தபோது நோலா கடைக்குள் வந்தாள். எங்கள் ஊர்ப் பூனை மீட்புக் குழுவை நடத்துகிறவள். நான் வேலை பார்க்கிற ஹார்ட்வேர் கடைக்கு அவள் வந்தால் ஆணி வாங்க வரவில்லை என்று அர்த்தம்.

அவள் காரில் துணிக்கூடை. உள்ளே சாம்பல் நிறத்தில் வரி போட்ட பூனை ஒன்று, மூன்று குட்டிகள். கண் திறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். தாயின் வால் நுனிக்குச் சற்று முன்னால் முழங்கை மாதிரி மடங்கி நிற்கிறது.

"தெருப்பூனை இல்லியே இது," என்றேன்.

"இல்ல. ஒரு பொண்ணோடது. வீட்டை விட்டு ஒரே பையோட கிளம்பி வந்திருக்கா. இப்ப தங்கியிருக்கிற இடத்துல பூனை வைக்க விடமாட்டாங்க. குட்டிங்க பால் மறந்ததும் நல்ல வீடாப் பார்த்துக் குடுத்துடலாம். தாய் மட்டும் அவளுக்குத் திரும்பப் போகணும்."

"யாரு அந்தப் பொண்ணு?"

"உனக்குத் தெரியாம இருக்கிறதுதான் நல்லது. பூனை பேரைக்கூட சொல்லமாட்டேன். தாயை மட்டும் ஃபோட்டோ எடுத்துப் போட்டுடாத, மெரில். அவ புருஷன் தேடிட்டிருக்கான்."

"பூனையவா?"

"பூனை கையில இருந்தா அவ தானா வருவான்னு அவனுக்குத் தெரியும்."

இந்த வீட்டில் எத்தனையோ குட்டிகள் வளர்ந்து போயிருக்கின்றன. ஒளித்துவைக்கச் சொன்னது இதுதான் முதல் தடவை.

மார்ச் 5, வியாழன்

என் வீட்டுக்காரர் டெஸ் பெயர் வைத்துவிட்டார். உருளைக்கிழங்கு வறுவல் ஃபேக்டரியில் வேலை பார்க்கிற மனுஷனுக்கு வேறு என்ன தோன்றும்? மூன்றுக்கும் கிழங்கு ரகங்களின் பெயர்தான். தடியன் கென்னபெக். சிவப்பி டெசிரீ. ஒரு கண்ணில் சீழ் வடிகிறதே, அந்தப் பொடிசு பிங்க்ஐ.

"பிங்க்ஐன்னா கண்நோய் இல்லியா? நல்ல சகுனமா ஒரு பேர் வைக்கக் கூடாதா?"

"டாஸ்மேனியாவுலயே ருசியான கிழங்கு அது. வேற என்ன சகுனம் வேணும்?"

தாய்க்கு மட்டும் கிழங்குப் பெயர் வேண்டாம் என்றார். "மேடம்" என்று கூப்பிடுகிறார்.

மார்ச் 11, புதன்

பிங்க்ஐ எடை ஏறவில்லை. மற்ற இரண்டும் முண்டியடித்துப் பால் குடிக்க, இது ஓரமாகப் படுத்துவிடுகிறது. புட்டியில் கொடுத்தால் பாதி மூக்கு வழியாக வருகிறது.

மேடம் என்னைப் பொறுத்துக்கொள்கிறாள். ஆனால் டெஸ்ஸின் பூட்ஸ் சத்தம் கேட்டதும் குட்டிகளை விட்டுவிட்டு வாஷிங் மெஷினுக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொள்கிறாள். அவ்வளவு சின்ன இடுக்கில் எப்படி நுழைகிறாள் என்று தெரியவில்லை. பால் குடித்துக்கொண்டிருந்த குட்டிகள் அப்படியே தரையில் உருள்கின்றன.

நேற்றிலிருந்து டெஸ் பூட்ஸை வாசலிலேயே கழற்றிவிட்டு, காலுறையோடு நடக்கிறார்.

மார்ச் 19, வியாழன்

பிங்க்ஐ இன்று தானாகச் சாப்பிட்டது. கொஞ்சம்தான். ஆனால் தானாக.

மார்ச் 24, செவ்வாய்

குட்டிகளின் படத்தைக் குழுவின் பக்கத்தில் போட்டோம். நான்தான் எடுத்தேன். தாய் வராமல் பார்த்துத்தான் எடுத்தேன்.

மதியம் நோலா கூப்பிட்டாள். "இடது ஓரத்தைப் பாரு."

பார்த்தேன். கூடைக்கு வெளியே, மங்கலாக, மடங்கின வால்.

உடனே படத்தை நீக்கிவிட்டாள். ஆனால் காலையிலிருந்து இருந்திருக்கிறது. எத்தனை பேர் பார்த்தார்களோ. வாலை வைத்து யாராவது கண்டுபிடிப்பார்களா? மாட்டார்கள். பூனை வால்தானே. நான் மட்டும் எப்படிக் கவனிக்காமல் விட்டேன்?

மார்ச் 28, சனி

எல்லாக் கதவையும் பூட்டிவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

கென்னபெக்கைப் பார்க்க இன்று ஒரு அம்மா வந்தார். கிளெண்டா என்று பெயர், வின்யார்ட் ஊரில் வீடு, அறுபதைத் தாண்டியிருக்கும். நோலா போனில் பேசிவிட்டு நல்ல மாதிரி என்றுதான் அனுப்பினாள். ஆப்பிள் கேக் செய்து கொண்டுவந்திருந்தார். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, குட்டிகள் தானாக வரட்டும் என்று கையை நீட்டாமல் காத்திருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு மனசு இளகிவிட்டது. பூனை தெரிந்தவர்கள்தான் அப்படி உட்காருவார்கள்.

"தாய் இல்லியா?" என்று கேட்டார்.

"அது குடுக்கிறதுக்கு இல்லம்மா."

சொல்லி வாய் மூடவில்லை. மெஷினுக்குப் பின்னாலிருந்து மேடம் வெளியே வந்தாள். யார் வந்தாலும் ஒளிகிறவள், நேராக நடந்து வந்து கிளெண்டாவின் முழங்காலில் தலையைத் தேய்த்தாள். கிளெண்டா தொடவில்லை. இரண்டு கையையும் மடியில் இறுக்கிக் கோத்துக்கொண்டார். விரல்கள் வெளுத்துப் போயின.

"உங்களைப் பிடிச்சிருச்சு போல," என்றேன். எவ்வளவு மடச்சி நான்.

அப்போது வெளியே ஹாரன் அடித்தது. அழுத்தமாக ஒரு தடவை. மேடம் துள்ளி மெஷினுக்குப் பின்னால் பாய்ந்தாள். அவள் நின்ற இடத்தில் ஈரம். பயத்தில் மூத்திரம் போய்விட்டாள்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தெருவில் வெள்ளை பிக்கப் வண்டி. எஞ்சின் ஓடுகிறது. ஓட்டுகிற சீட்டில் ஒரு ஆள்.

"என் பையன். உள்ள வரலைன்னுட்டான்," என்றார் கிளெண்டா. எழுந்தார். என் முகத்தைப் பார்த்தார். நான் புரிந்துகொண்டதை அவரும் புரிந்துகொண்டார். "யோசிச்சு சொல்றேன்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். கேக் மேசையில் அப்படியே இருக்கிறது. டெஸ்கூட அதைத் தொடவில்லை.

மார்ச் 29, ஞாயிறு

நோலாவிடம் எல்லாம் சொன்னேன். அவள் கெட்ட வார்த்தையில் ஆரம்பித்து அதிலேயே முடித்தாள். அந்தப் பெண்ணின் பெயரை இப்போதுதான் சொன்னாள். ஷார்னி. புருஷன் பெயர் டேன். கிளெண்டாதான் டேனின் அம்மா, இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டவர். வேறு குடும்பப் பெயர். அதனால்தான் பிடிபடவில்லை.

போலீஸிலும் கேட்டுவிட்டாளாம். பூனைக்குட்டி பார்க்க வந்தது குற்றமில்லை. சரிதானே. என்ன குற்றம் அது?

நாளை சாயங்காலம் மேடத்தை மலைப்பக்கம் நோலாவுக்குத் தெரிந்த ஒரு பண்ணைக்கு மாற்றப்போகிறோம். டெஸ் இன்றைக்கே என்றார். பண்ணைக்காரர்கள் நாளைக்குத்தான் ஊருக்குத் திரும்புகிறார்கள்.

மார்ச் 30, திங்கள்

வந்துட்டான்.

டெஸ் வேலைக்குப் போயாச்சு. நான் லீவு போட்டிருந்தேன். வலைக்கதவு உள்ளே பூட்டியிருந்தது - நல்லவேளை. உயரமான ஆள், சுத்தமாகச் சவரம் செய்த முகம். சிரித்துக்கொண்டேதான் பேசினான்.

"அம்மா கையுறையை இங்க விட்டுட்டாங்களாம்."

"இல்லையே."

"கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன்."

"பார்த்துட்டேன். இல்ல."

போகவில்லை. வலையில் முகத்தைக் கிட்டத்தில் வைத்து, என்னைத் தாண்டி உள்ளே பார்த்தான். பிறகு விசிலடித்தான். மெதுவாக, இரண்டே சுரம், குழந்தைக்கு அடிக்கிற மாதிரி. நிறுத்திக் காது கொடுத்துக் கேட்டான். மறுபடியும் அடித்தான்.

பின்னறையில் பிங்க்ஐ கத்தியது. பொடிசு, அதற்கென்ன தெரியும்.

"குட்டிதான்," என்றேன். "பசிக்குது அதுக்கு. நான் போகணும்."

"நல்லா வச்சிருக்கீங்க வீட்டை," என்றான். "ரெண்டு பேர்தானா?"

"என் புருஷன் இப்ப வந்துடுவாரு." பொய். சாயங்காலம் வரை வரமாட்டார்.

வண்டி போன பிறகும் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றேன். பிறகு பின்னறைக்கு ஓடினேன். மேடம் இடுக்கில் இருந்தாள். கண் மட்டும் தெரிந்தது. மூச்சு விடுகிறாளா என்றே சந்தேகம். கையை விட்டுத் தொட்டேன். என் விரலைக் கடித்தாள். ரத்தம் வந்தது. கடிக்கட்டும், உசிரோட இருக்கா.

இருட்டும் முன் நோலா வந்து பெட்டியில் எடுத்துப்போனாள். மேலே வெங்காயச் சாக்குகள் போட்டு மறைத்தோம். குட்டிகள் கூடையைச் சுற்றிச் சுற்றி வந்தன.

ஏப்ரல் 2, வியாழன்

நாளை பெரிய வெள்ளி என்பதால் கடையில் ஒரே கூட்டம். வரிசையில் கிளெண்டா நிற்பதை, அவர் என் முன்னால் வந்த பிறகுதான் பார்த்தேன். கையில் கதவுக்கு மாட்டுகிற சங்கிலி.

"இதை மாட்ட ட்ரில் வேணுமா, ஸ்க்ரூ டிரைவர் போதுமா?"

"போதும்," என்றேன். என் கண் வாசலுக்குப் போனது.

"பஸ்லதான் வந்தேன். நான் மட்டும்தான்."

கல்லாவை இன்னொருத்தியிடம் விட்டுவிட்டு வெளியே உர மூட்டைகள் அடுக்கின இடத்துக்கு வந்தேன். அவரும் பின்னால் வந்தார்.

"அது அந்தப் பூனை இல்லன்னு அவன்கிட்ட சொன்னேன். வால் நேரா இருந்துச்சுன்னு சொன்னேன்."

"ஆனா வந்தானே."

"தெரியும். என்னைப் பொய் சொல்றேன்னு கத்தினான். போய்ப் பார்த்துட்டு வந்தான். விசிலடிச்சா எங்க இருந்தாலும் வந்துடும்னு நினைச்சுட்டிருக்கான். வரலைன்னதும் நம்பிட்டான்."

"முதல்ல நீங்க ஏன் வந்தீங்க?"

அவர் சங்கிலியை உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். "'போ'ன்னான், வந்தேன். அவன் சொன்னா நான் செய்வேன். பழகிப்போச்சு." "அது வால் கதவுல நசுங்கினப்ப நான் அந்த வீட்டுலதான் இருந்தேன். சமையல்கட்டுல. ஷார்னி அலறினா. நான் கெட்டில்ல தண்ணி வச்சேன். மூணு பேருக்கும் டீ போட்டேன்."

சரிந்திருந்த ஒரு உர மூட்டையை நிமிர்த்தி வைத்தேன்.

"அப்படி இருந்தும் என் கால்ல வந்து தலையைத் தேய்க்குது அது," என்றார்.

ஷார்னி நன்றாக இருக்கிறாளா என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது.

நம்புவதா, வேண்டாமா? நோலாவிடம் சொன்னபோது, "அழுதாங்களா?" என்றாள். இல்லை என்றேன். "அவன் அழுவான். ஷார்னி ரெண்டு தடவை திரும்பிப் போனது அதுக்குத்தான்."

ஏப்ரல் 9, வியாழன்

பிங்க்ஐயின் கண்ணை எடுத்துவிட்டார்கள். காப்பாற்ற முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தையல் போட்ட முகத்தோடு வந்து, மயக்கம் முழுதும் தெளியும் முன்பே தட்டில் தலையை விட்டுவிட்டது. டெஸ் அறையை விட்டு வெளியே போய் நின்றார்.

ஏப்ரல் 12, ஞாயிறு

கென்னபெக்கும் டெசிரீயும் டெவன்போர்ட்டில் ஒரு ரொட்டிக்கடைக்காரர் வீட்டுக்குச் சேர்ந்தே போயாச்சு. ஒற்றைக்கண் குட்டியை யாரும் கேட்கவில்லை.

ஏப்ரல் 17, வெள்ளி

ஷார்னிக்கு வீடு கிடைத்துவிட்டது. எங்கே என்று நான் கேட்கவில்லை, நோலாவும் சொல்லவில்லை. டாஸ்மேனியாத் தீவிலேயே இல்லை என்று நினைக்கிறேன். மேடம் அவளிடம் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

"பெட்டியைத் திறந்ததும் என்ன பண்ணுச்சு?"

"தரையில ரெண்டு பேரும் படுத்துட்டாங்க. நான் கதவைச் சாத்திட்டு வந்துட்டேன்."

ஏப்ரல் 21, செவ்வாய்

பிங்க்ஐயைக் கேட்டு கிளெண்டா விண்ணப்பித்திருக்கிறார். வின்யார்டு இல்லை, பர்னியில் புது முகவரி. தனியாக வீடு எடுத்திருக்கிறாராம்.

"முடியாது," என்றாள் நோலா. "அவன் அம்மா. அவ்வளவுதான். நாளைக்கு அவன் அந்த வீட்டுக்குப் போய் இந்தக் குட்டியோட வாலை உடைப்பான்."

"அவங்க அவன்கிட்ட பொய் சொன்னாங்க, நோலா. நமக்காகச் சொன்னாங்க."

"ஒரு தடவை."

"முதல் தடவை."

சண்டையே போட்டுக்கொண்டோம். பத்து வருஷப் பழக்கம், போனை வைத்துவிட்டாள். அவள் சொல்வதும் தப்பில்லை. எனக்கே உறுதியில்லை. கதவைத் திறந்தால் வலைக்கு அந்தப் பக்கம் அவன் முகம் இருக்கும் என்றுதான் இன்னும் ஒவ்வொரு தடவையும் நினைக்கிறேன்.

ஏப்ரல் 24, வெள்ளி

குட்டியைக் கிளெண்டாவுக்குக் கொடுக்கலாமா என்று நோலா ஷார்னியிடமே கேட்டிருக்கிறாள்.

"என்ன சொன்னா?"

"'குடுங்க'ன்னா. அப்புறம், 'ஆனா நான் எங்க இருக்கேன்னு அவங்களுக்குச் சொல்லவேண்டாம்'னா."

மே 2, சனி

பிங்க்ஐயைக் கொண்டுபோய் விட்டேன். வீட்டைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு என்று நோலா சொல்லி அனுப்பினாள். மாடியில் சின்ன வீடு. ஒரு நாற்காலி, ஒரு கட்டில். ஜன்னலில் கடல் தெரிகிறது. தரையில் பூனைக்கு வாங்கின சாமான்கள் அவருடைய சாமான்களைவிட அதிகம்.

பிங்க்ஐ வெளியே வந்து, கண் இல்லாத பக்கம் நாற்காலிக் காலில் இடித்துக்கொண்டு, அதன்மேல் கோபப்பட்டு உறுமியது. கிளெண்டா சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. தரையில் உட்கார்ந்து, அன்றைக்கு மாதிரியே கையை நீட்டாமல் காத்திருந்தார். குட்டி சுற்றி வந்து அவர் பாதத்தை முகர்ந்தது.

ஜன்னல் விளிம்பில் இருந்த போன் அடித்தது. இருவருமே அதைப் பார்த்தோம். நான் இருந்த இடத்திலிருந்து திரையில் டேனின் பெயர் தெரிந்தது. கிளெண்டாவின் கை பாதி தூரம் போனது, பழக்கத்தில். பிறகு மடிக்குத் திரும்பி வந்தது. போன் அடித்துக்கொண்டே இருந்தது. ரொம்ப நேரம். நின்றது. மறுபடியும் அடித்தது.

இந்தத் தடவை அவர் அதைப் பார்க்கவில்லை.

"மீன் சாப்பிடுமா இது?" என்று என்னிடம் கேட்டார். "காலையில கொஞ்சம் வேகவச்சு வச்சிருக்கேன்."

"சாப்பிடும்," என்றேன். "முள் மட்டும் பார்த்து எடுத்துடுங்க."