மோந்து பார்க்காத பூ

குற்றாலம்,
சுபகிருது வருஷம், கார்த்திகை 22.

சிரஞ்சீவி சுந்தரபாண்டியனுக்கு அப்பா குத்தாலிங்கம் ஆசீர்வதித்து எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், மனசைப் பற்றி எழுத இந்தக் காகிதத்தில் இடம் போதாது. அங்கே நீ சுகம் என்பதை நீயே எழுதினால்தான் உண்டு, குற்றாலநாதரே வந்து சொன்னாலும் உங்கம்மா நம்புகிற மாதிரி இல்லை. தீபாவளிக்கு முந்தி வந்த கார்டுக்கு அப்புறம் உன்னிடமிருந்து ஒரு வரி கிடையாது. சீனாச் சண்டையை நிறுத்தியாச்சு என்று ரேடியோவில் சொன்ன பிறகும் கிடையாது. தபால்காரன் முகம்மது கனி முன்னெல்லாம் நம்ம வாசலில் சைக்கிளைச் சாத்திவிட்டு ஒரு செம்பு தண்ணீர் குடித்து ஊர்க்கதை பேசிவிட்டுத்தான் போவான், இப்போது எதிர்ச் சாரியோடு தலையைக் குனிந்துகொண்டு மிதிக்கிறான். நேற்று வழியை மறித்து, ஏம்டே கனி, நான் என்ன கடிக்கிற நாயா, இந்த ஓட்டம் ஓடுதியே என்று கேட்டேன். இல்ல அண்ணாச்சி, ஒங்க மொகத்தப் பாத்தா நானே ஒரு கடுதாசி எழுதிக் கொண்டாந்து போட்டுரலாமான்னு வருது, அதுக்குப் பயந்துதான் இந்தப் பக்கமே பாக்கதில்லைன்னான். அவனை மேற்கொண்டு என்ன சொல்ல.

சரி, உன் டேலியாச் சமாச்சாரத்துக்கு வருகிறேன், இந்த வீட்டில் இப்போது அதைத் தவிர வேறு சமாச்சாரம் இல்லை. ஆவணியில் பட்டாளத்திலிருந்து லீவுக்கு வந்தபோது வெலிங்டன் பங்களாத் தோட்டக்காரர் கொடுத்தார் என்று மூன்று பூச்செடிக் கிழங்கு கொண்டுவந்தாயே, அதைச் சாரல் மழை வெறித்து ஓய்கிற வரைக்கும் மணலில் புதைத்து வைக்கச் சொல்லிவிட்டு நீ போய்விட்டாய். அடுக்களையில் மணலுக்குள்ளே கிழங்கு கிடந்தால் நம்ம ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். உங்கம்மா காய்ச்சலில் படுத்த அன்று அடுத்த வீட்டு முப்பிடாதி சமைத்துத் தர வந்தாள், ரெண்டை நறுக்கிப் புளிக்குழம்பில் போட்டுவிட்டாள். நான் என்ன கிழங்கு என்று கேட்காமல், ஒரு கரண்டி கூட ஊத்து, நல்லாருக்கு என்று கேட்டு வாங்கித் தின்றேன். விஷயம் தெரிந்ததும் உங்கம்மா காய்ச்சலோடு எழுந்து உட்கார்ந்து, நான் சாகிறேனா இல்லையா என்று சாயங்காலம் வரைக்கும் என் மூஞ்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாகவில்லை என்று ஆனதும் ஏச்சு ஆரம்பமாயிற்று. மிஞ்சின ஒரு கிழங்கைத்தான் புரட்டாசியில் முன்வாசல் பக்கம் ஊன்றினேன்.

தென்காசி ஸ்டேஷனில் ரயில் நகரும்போது ஜன்னலில் குனிந்து, அந்தப் பூ கறுப்புப்பா, கறுப்புக்குப் பக்கத்துச் சிவப்பு, அம்மாட்ட சொல்லிராதீய, பூத்தப்புறம் பாத்து அசந்து போகட்டும்னு நீ என் காதில் சொன்னது ஞாபகம் இருக்கா? பிள்ளை என்ன சொன்னான் என்று உங்கம்மா கேட்டாள், சிவப்புப் பூவாம் என்றேன். அது பெரிய பொய்யில்லை, பாதியை முழுங்கிவிட்டேன், அவ்வளவுதான். அந்தப் பாதி இப்படித் தொண்டையில் சிக்கும் என்று யார் கண்டது. பார்டரில் சீனாக்காரன் இறங்கிவிட்டான் என்று ரேடியோவில் சொன்ன அன்று உங்கம்மா தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு ஈரச்சேலையோடு செடிப் பக்கத்தில் நின்றாள். எம்மவன் கொண்டாந்த செடியில பூக்க மொத செவப்புப் பூ பண்பொழித் திருமலைக்குமரனுக்கு, ஒருத்தரும் மோந்துகூடப் பாக்காம கொண்டாந்து சாத்துதேன், பிள்ளைய முழுசா அனுப்பி வையின்னு நேர்ந்துவிட்டாள். நான் தின்ற டேலியாக் கிழங்கு அப்போதுதான் என் வயிற்றில் முளைவிட்டது. போதாக்குறைக்கு முப்பிடாதி வேறு. திருவேங்கடம் ஊரில் இருக்கிற அவள் கொழுந்தன் சாமிக்கு வெள்ளைக் கிடாயை நேர்ந்துவிட்டுக் கறுப்புக் கிடாயைக் கொண்டுபோனானாம், அந்த வாரமே அவன் உழவுமாடு கிணற்றில் விழுந்ததாம். மதினி, சாமிட்ட நெறம் மாத்தக் கூடாதுன்னு சொல்லிவிட்டு நிம்மதியாகப் போய் உறங்கிவிட்டாள். எனக்கு உறக்கம் போச்சு.

ஐப்பசி மழை இந்த வருஷம் கொட்டின கொட்டில் கிழங்கு அழுகிவிடுமோ என்று பயந்து, சுற்றி வாய்க்கால் வெட்டி, செடிக்கு மேலே என் குடையைக் கட்டினேன். குடை செடிக்கு, கோணிச்சாக்கு எனக்கு என்று மரக்கடை வேலைக்குப் போய்வந்தேன், முதலாளியே சிரித்தார். நத்தைக்குச் சாம்பல் தூவினேன், மூங்கில் நட்டு வாழைநாரால் தண்டைக் கட்டினேன். நடுமொட்டை விட்டுப் பக்கமொட்டுகளைக் கிள்ளிவிட்டால்தான் பூ பெரிசாக வரும் என்று நீ சொன்னாய், எனக்குக் கை வரவில்லை. இந்த நேரத்தில் நம்ம வீட்டில் ஒரு மொட்டைக் கிள்ள யாருக்குடா கை வரும். ஆனால் ஒருநாள் காலையில் பார்த்தால் பக்கமொட்டு ஒன்றைக் காணோம். முப்பிடாதி ஆடுதான் என்று அவள் வாசலில் போய் நின்று கத்தினேன். எம் பிள்ளைவுளச் சொன்னாலும் பொறுப்பேன், எம் ஆட்டச் சொல்லாதீயன்னு அவளும் கத்தினாள். இந்த மாதிரிச் சண்டை என்றால் சேலையைச் செருகிக்கொண்டு முதலில் வருகிறவள் உங்கம்மா, அன்று உள்ளேயிருந்து வெளியே எட்டிப் பார்க்கவில்லை. எனக்கு அது அப்போது உறைக்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை விடிகாலை பூ விரிந்தது. ஏலே, நீ சொன்னபோது இவ்வளவு கறுப்பு என்று நான் நினைக்கவில்லை. தேய்க்காத கரிச்சட்டி மாதிரிக் கறுப்பு, அதற்குள்ளே அடுக்கடுக்காக இதழ், ஒவ்வொன்றும் பட்டுத்துணியைச் சுருட்டி வைத்த மாதிரி. அழகைப் பார்த்து மனுஷன் பயந்தான் என்றால் அன்று நான்தான். உங்கம்மா குளித்து வருவதற்குள் குங்குமச் சிமிழை எடுத்துவந்து கொஞ்சமாவது சிவக்கட்டும் என்று விரலால் தொட்டுப் பூவின்மேல் தூவப் போனேன். பின்னாலே நின்று, என்ன செய்யுதீயன்னு கேட்டாள். கண்ணேறு படாம ஒரு பொட்டு என்று உளறினேன், கை பூராவும் குங்குமம். அவள் ஏசவில்லை. சேலைத் தலைப்பு முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள், காய்ந்து சுருண்ட மொட்டு ஒன்று, உள்ளே கன்னங்கரேல். மழைக்குள்ளயே நான் கிள்ளிப் பாத்துட்டேன், கறுப்புன்னு தெரிஞ்சா நீங்க தாங்க மாட்டீய, ஏற்கெனவே சோத்தப் பிசைஞ்சு பிசைஞ்சு வச்சுட்டு எந்திரிக்கீயன்னுதான் சொல்லலன்னாள். இத்தனை நாளும் நான் அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு முழித்துக் கிடந்தேன், அவள் என்னைக் காப்பாற்றிக்கொண்டு பக்கத்தில் முழித்துக் கிடந்திருக்கிறாள். வேண்டாம்னா விட்டுருவோமா என்றேன். நேந்தது நேந்ததுதான், கறுப்போ வெள்ளையோ அவன் கொண்டாந்தது, நடங்கன்னாள்.

வாழையிலையில் பொதிந்து மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினோம். செங்கோட்டையில் ஏறின ஒரு பொம்பளை, இதென்ன பூ, யக்கா என்று மூக்கைக் கொண்டுவந்தாள், உங்கம்மா குழந்தையை மறைக்கிற மாதிரி மறைத்துக்கொண்டாள். மலைப்படி ஏறும்போது குருக்களுக்கு என்ன பதில் சொல்ல என்று படிக்கு ஒரு பதிலாக யோசித்துக்கொண்டே போனேன். அவர் இலையைப் பிரித்துப் பார்த்தார். சீமைப் பூவால்லா இருக்கு, வாசமில்லாத பூவ மூலவருக்குச் சாத்துதது வழக்கமில்லயேம்மான்னார். கறுப்பு என்ற பேச்சே அவர் வாயில் இல்லை. நாங்கள் முன்வாசலில் கம்போடு காவல் நிற்கிறோம், கள்ளன் புறவாசல் வழியாக வந்துவிட்டான். உங்கம்மா சொல்லுதா, சாமி, வாசமில்லன்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும், சாமிக்குக் கொண்டாந்த பூவ மோந்து பாத்தீயளோ? அவர் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. மோந்து பார்த்தால் பூ சாமிக்கு ஆகாது, மோந்து பார்க்காமல் வாசமில்லை என்று சொல்லவும் ஆகாது. அவர் என்னைப் பார்த்தார், நான் சன்னிதிக் கல்மயிலைப் பார்த்தேன். யாருக்கு நேர்ச்சை என்று கேட்டார். எம்மவனுக்கு, பார்டர்ல இருக்கான், கடுதாசி இல்லன்னாள். அவர் பூவை எடுத்து உள்ளே கொண்டுபோய்ப் பாதத்தில் வைத்தார். சூடம் காட்டும்போது அந்த வெளிச்சத்தில் பூ அப்படியே ரத்தச் சிவப்பாக ஒரு நிமிஷம் நின்றது. நீங்க சொன்னது பொய்யில்ல, செவப்புதான்னு உங்கம்மா சொன்னாள். இறங்கும்போது பாதிப் படியில் உட்கார்ந்து, வெறும் இலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். உன் அப்பனுக்கு எந்த நேரத்திலும் ஒரு கேலி வரும் என்பாயே, அன்று வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

இன்று ரெண்டாவது பூ விரிந்திருக்கிறது. நேர்ந்தது முதல் பூவைத்தானே என்று மூக்கைக் கிட்டே கொண்டுபோனேன், கையில் ஒரு அடி விழுந்தது. மணக்கலன்னு தெரிஞ்சா நாம குருக்கள ஏமாத்துனதா ஆயிரும், பிள்ள வந்து மோந்து பாத்துச் சொல்லட்டும், அதுவரைக்கும் ஒருத்தரும் கிட்டப் போகக் கூடாதுன்னாள். பூ அதுவரைக்கும் தாங்குமா என்றேன், கெழங்கு தாங்கும்லான்னாள். முப்பிடாதி ஆட்டிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று, ஆடு மன்னித்துவிட்டது, அவள்தான் இன்னும் இல்லை. குளிரில் காதை மூடிக்கொள், வெறும் தரையில் படுக்காதே, கிடைப்பதை வயிறாரச் சாப்பிடு. திருமலைக்குமரன் உன் கூடவே நிற்பான், நீ நீடூழி வாழ வேண்டும்.

மறந்துவிடாதே: அந்தப் பூ மணக்குமா மணக்காதா என்று ஒரே ஒரு வார்த்தை கார்டில் எழுதிப் போடு. மணக்காது என்று நீ எழுதினாலும் நான் மணக்கும் என்றுதான் உங்கம்மாவுக்கு வாசித்துக் காட்டுவேன், அந்த வித்தை எனக்குப் பழக்கம்தான். உன் கையெழுத்தை மட்டும் என்னால் போட முடியாதுடா.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்க்கும் அப்பா,
ச. குத்தாலிங்கம்

அம்மா ஆவுடையம்மாள் பக்கத்தில் நின்று, எல்லாத்தையும் எழுதுனீயளா என்று கேட்கிறாள். எழுதிவிட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.